பழைய ஹைப்ரிட் காரைத் தானமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். எங்களிடம் 2008 ஆம் ஆண்டின் டொயோட்டா பிரியஸ் இருக்கிறது. சில வாரங்களாகச் சிவப்பு முக்கோண விளக்கு எரிகிறது. வண்டியை ஓட்ட உதவும் பெரிய ஹைப்ரிட் பேட்டரி போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அதற்குச் செலவழிக்க மனமில்லை. தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் சந்தை விலையான 4,000 டாலரையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று விளம்பர எண்ணில் பேசியவர் சொல்கிறார். வண்டியை இலவசமாக இழுத்துச் செல்வார்களாம். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் அந்த 4,000 டாலரை மறந்துவிடுங்கள். பழைய கார் விலைப் புத்தகத்தில் போட்டிருக்கும் தொகையை அப்படியே கழித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு 2004 இல் வந்த சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமென்றால், தொண்டு நிறுவனம் உங்கள் காரை விற்ற தொகைதான் கணக்கு. ஏலத்தில் 700 டாலருக்குப் போனால் 700. ஐந்நூறோ அதற்குக் குறைவாகவோ போனால், வண்டியின் உண்மை மதிப்பு, 500 டாலர் இரண்டில் எது குறைவோ அது. சட்டம் மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னமும் பழைய கதையையே சொல்லி வண்டி பிடிக்கிறார்கள், கேட்பாரில்லை.

அந்த 700 டாலரும் கைக்கு வரும் பணமல்ல. 22 சதவீத வரி கட்டுகிறவருக்கு அதனால் மிச்சமாவது அதிகபட்சம் 154 டாலர். அதுவும் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவருக்கு மட்டுமே. 2025 ஆம் ஆண்டுக்குக் கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் கொடுத்தால், அப்படிச் செலவு காட்டுவதற்குப் பதிலாக எல்லாருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 31,500 டாலர். உங்கள் வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் கூட்டினாலும் அதைத் தாண்டவில்லையென்றால், காரைக் கொடுத்ததால் வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது. தொலைபேசியில் பேசியவர் இதைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

இனி அந்தத் தொலைபேசி எண். பெரும்பாலும் அதை எடுப்பது தொண்டு நிறுவனமே அல்ல. வண்டியை இழுத்துச் சென்று, ஏலம் விட்டு, தன் செலவையும் கூலியையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும் தனியார் கம்பெனி. சட்டம் இதை அனுமதிக்கிறது. என் கோபமும் அங்கேதான். எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக அவர்களுக்கு இல்லை. உங்கள் ரசீதில் வருவது மொத்த விற்பனைத் தொகை. குழந்தைகளுக்கோ நோயாளிகளுக்கோ போய்ச் சேருவது அதில் ஒரு பங்கு. ஆகவே விளம்பர எண்ணை விட்டுவிட்டு, தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தையே கூப்பிட்டு, “இந்த வண்டியை விற்றால் உங்கள் கைக்கு எத்தனை சதவீதம் வரும்?” என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத இடத்துக்குக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரை வருமான வரித் துறையின் இணையத் தேடலிலும் பாருங்கள். கோயில், சர்ச் போன்றவை அந்தப் பட்டியலில் இல்லாமலும் தகுதி பெற்றிருக்கலாம். தாய்நாட்டில் உள்ள அநாதை இல்லத்துக்குக் கொடுப்பது நல்ல காரியம், ஆனால் அதற்கு இங்கே வரிக்கழிவு கிடையாது.

ஹைப்ரிட் என்பதால் இன்னொன்று. பேட்டரி போன பிரியஸ் குப்பை என்று நினைத்து விடாதீர்கள். உங்கள் மாடலில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் திருடர்கள் தேடி அறுத்துச் செல்வதே அதில் உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களுக்காகத்தான். செத்த பேட்டரிக்கும் விலை உண்டு. எதையும் முடிவு செய்வதற்கு முன், வண்டியின் கணினியில் என்ன பிழைக் குறியீடு வந்தது என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். பி0ஏ80 (P0A80) என்று இருந்தால் பெரிய பேட்டரிதான். வேறேதாவது என்றால், பின்பக்கச் சாமான் தளத்தின் வலது மூலையில் ஒளிந்திருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது பலவீனமானாலும் இந்த வண்டி கண்டபடி விளக்குகளை எரியவிடும்.

முழு மதிப்பையும் கழிக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் குறுகலான வழி. தொண்டு நிறுவனம் வண்டியை விற்காமல் தன் வேலைக்கே கணிசமாகப் பயன்படுத்த வேண்டும். கணிசம் என்றால்? ஓராண்டு முழுக்க நாள்தோறும் ஏழைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது கணிசம். நாலு தடவை கொண்டுபோனால் போதாது. அல்லது பெரிய அளவில் பழுதுபார்த்து மதிப்பை உயர்த்த வேண்டும். பெயின்ட் அடிப்பது, நசுங்கலை எடுப்பது, சீட்டைச் சுத்தம் செய்வது எதுவும் சேராது. புது ஹைப்ரிட் பேட்டரி போட்டால் சேரும் என்பது என் கருத்து. ஆனால் அந்தச் செலவை நிறுவனம் செய்ய வேண்டும், நீங்கள் அல்ல. செய்யப்போவதாக அவர்கள் எழுத்தில் உறுதி தர வேண்டும். அப்போதும் உங்கள் மதிப்பு, ஓடாத நிலையில் இந்த வண்டிக்கு என்ன விலை கிடைக்குமோ அதுதான், பளபளக்கும் பிரியஸின் விலையல்ல. வாய்ப்பேச்சை நம்பி 4,000 எழுதினால், விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்.

நீங்கள் என் வீட்டு மனிதர் என்றால், இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு நீங்களே விற்றுவிட்டு, அந்தப் பணத்தைக் கொடுங்கள் என்பேன். வாங்கிய விலைக்குக் குறைவாக விற்பதால் அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை. இடைத்தரகருக்குப் பங்கும் இல்லை. 2026 ஆம் ஆண்டிலிருந்து, நிலைக்கழிவு எடுப்பவர்களும் தொண்டு நிறுவனங்களுக்கு நேரடியாகத் தரும் பணத்தில் 1,000 டாலர் வரை, தம்பதி என்றால் 2,000 வரை, கூடுதலாகக் கழிக்கலாம். பணத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை, காருக்கு இல்லை.

விற்கச் சிரமம், காராகவே கொடுக்கிறேன் என்றால், டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், வாங்குபவர் பெயரை வெற்றாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இழுத்துச் செல்ல வரும் ஓட்டுநர் “அப்புறம் நிரப்பிக்கொள்கிறோம்” என்பார். தொண்டு நிறுவனத்தின் முழுப் பெயரை உங்கள் கையால் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வெற்றாக இருந்தால், வண்டி கை மாறிக் கை மாறி எங்கோ போய் வாங்கும் பார்க்கிங் அபராதமும் சுங்கக் கட்டணமும் உங்கள் முகவரிக்கே வரும். நம்பர் பிளேட்டைக் கழற்றுவதா விடுவதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மோட்டார் வாகனத் துறையிடம் வண்டி கைமாறியதைப் பதிவு செய்த பிறகே இன்சூரன்ஸை நிறுத்துங்கள். 500 டாலருக்கு மேல் கழிப்பதாக இருந்தால், விற்ற 30 நாளுக்குள் தொண்டு நிறுவனத்திடமிருந்து 1098-சி என்ற ரசீதுப் படிவம் உங்களுக்கு வர வேண்டும். வராவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். அதையும், பணமல்லாத நன்கொடைக்கு நீங்கள் நிரப்பும் 8283 படிவத்தையும் வரிக் கணக்கோடு இணைக்க வேண்டும்.