பட்டறைப் பதில்கள்: தண்ணீர் ஒழுகும் ஸ்டட்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களிடம் அப்பா காலத்துப் பெட்ரோல் ஜீப் ஒன்று இருக்கிறது. ஹரிக்கேன் இன்ஜின். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகையை வெளியேற்றும் குழாய்) கழற்றும்போது அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) இன்ஜின் பிளாக்கோடு ஒட்ட உடைந்துவிட்டன. இன்னொன்று முழுசாக இருக்கிறது, ஆனால் மரை வழியாகத் தண்ணீர் கசிகிறது. எபாக்ஸி பூசினோம், சூடானதும் மறுபடி ஒழுகுகிறது. ஈஸி அவுட் (உடைந்த ஸ்டட்டுக்குள் இறக்கி முறுக்கி எடுக்கும் கருவி) போட்டு எடுக்கலாமா? பிளாக்கையே மாற்றச் சொல்கிறார்கள். (ஒடுகத்தூர் வாசகர்)

பதில்: பிளாக்கை மாற்ற வேண்டாம் தம்பி. ஈஸி அவுட்டையும் தொடாதீர்கள். எனக்குப் பத்தொன்பது வயதில், காட்பாடி ரோட்டில் வேலை பழகிய பட்டறையில், இதே மாதிரி ஓர் ஸ்டட்டுக்குள் ஈஸி அவுட்டை உடைத்துவிட்டேன். அந்த எஃகைச் சாதாரண டிரில் கடிக்காது. என் குருநாதரும் நானும் இரண்டு நாள் பஞ்ச் வைத்துத் தட்டித் தட்டித் துகள் துகளாக எடுத்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் மனதில் நிற்கிறது.

உங்கள் இன்ஜினில் இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். அதனால்தான் மேனிஃபோல்ட் பிளாக்கிலேயே உட்காருகிறது. பழைய வார்ப்பிரும்பு பிளாக்குகளில் ஸ்டட் ஓட்டைக்கும் வாட்டர் ஜாக்கெட்டுக்கும் (குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறை) நடுவே சுவர் மெலிசு. சிலவற்றில் ஓட்டை ஜாக்கெட்டுக்குள்ளேயே திறந்துகொள்ளும். மரை வழியாகத் தண்ணீர் வருகிறதென்றால் உங்களுடையதும் அப்படித்தான். வெளியே எதைப் பூசினாலும் நிற்காது. மரைக்குள் அடைக்க வேண்டும்.

முதலில் தண்ணீரை முழுக்க இறக்குங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் ஸ்டட் சூடே ஏறாது. பேட்டரியைக் கழற்றி, கார்புரேட்டரையும் பெட்ரோல் லைனையும் அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் ஒருவர் மணல் வாளியோடு நிற்கட்டும்.

உடைந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். முனை உள்ளே போயிருந்தால் முதலில் ஒரு வாஷர், அதன் மேல் நட். வெல்டிங் ஸ்டட்டைப் பிடிக்கும், வார்ப்பிரும்பில் அவ்வளவாக ஒட்டாது. சிவப்பு அடங்கிக் கறுத்ததும் ஒரு மெழுகுவத்தியை ஸ்டட்டின் அடியில் தொடுங்கள். மெழுகு உருகி, ஒரு நொடி விளிம்பில் பளபளவென்று நிற்கும். அப்புறம் யாரோ உறிஞ்சியது போல மரைக்குள் போய்விடும். மெல்லிசாகப் புகை வரும். அதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆறவிட்டு, ஸ்பேனரில் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி. நகரவில்லை என்றால் மறுபடி சூடு, மறுபடி மெழுகு. நாலு தடவை ஆனாலும் சரி. பலம் போட்டால் திரும்பவும் உடையும்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் டிரில். முனையை அரத்தால் சமமாக்கி, நட்டநடுவில் பஞ்ச் வைத்து, 3 மி.மீ., 5, அப்புறம் 7 என்று போங்கள். 3/8 அங்குல ஸ்டட்டுக்கு அதற்கு மேல் போனால் பிளாக்கின் மரையைத் தின்றுவிடும். மிச்சமிருக்கும் சுருளைக் கொக்கியால் எடுத்துவிட்டு டேப் (மரை வெட்டும் கருவி) விடுங்கள். பழைய ஸ்டட்டை அளந்து அதே அங்குல டேப்பை வாங்குங்கள். கையில் இருக்கிறது என்று 10 மி.மீ. டேப்பை அடிக்கிறவர்களிடம் வண்டியை விடாதீர்கள். மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச்சுருள்) போடலாம். டிரில் கோணிவிட்டால் லேத்துப் பட்டறையில் புஷ் (ஓட்டைக்குள் பொருத்தும் உலோக உறை) போடச் சொல்லுங்கள்.

கசிகிற ஸ்டட்டையும் கழற்றுங்கள். மூன்று ஓட்டையையும் தின்னர் விட்டு எண்ணெய்ப் பசையில்லாமல் துடையுங்கள். புது ஸ்டட்டின் மரையில் சூடு தாங்கும் சீலன்ட் தடவி, அளவாக ஏற்றுங்கள்; அடி முட்ட முறுக்கினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஒரு நாள் காயட்டும். மேனிஃபோல்டை மாட்டுமுன் தண்ணீர் நிரப்பி, ஸ்டட்டுக்குக் கீழே பேப்பர் துண்டு ஒட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பேப்பர் காய்ந்திருந்தால் மாட்டலாம்.

கேள்வி: மேனிஃபோல்ட் நட்டு அடிக்கடி தளர்கிறது. இன்னும் இறுக்கலாமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். மேனிஃபோல்ட் கோணியிருக்கும். நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரிந்தால் லேத்தில் முகத்தைச் சமமாகச் சீவ வேண்டும். புது கேஸ்கட், பித்தளை நட்டு போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்குங்கள். ஒருமுறை சூடாகி ஆறியதும் மறுபடி ஒரு பிடி.

கேள்வி: ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றலாமா? (வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: நம் பக்கத்தில் கூடவே கூடாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கழிவின் உப்பை நான் பிளாக்குக்குள் பார்க்கிறேன். கழற்றிய ஸ்டட்டின் வெளிப்பாதி புதுசு போல இருக்கும். தண்ணீரில் நின்ற பாதி கடித்த கரும்பு மாதிரி மெலிந்திருக்கும். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிப் பாதி ஊற்றுங்கள். ஒரு விஷயம், பழைய துருவே சில இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழுவி வெளியேற்றினால் இதுவரை ஒழுகாத இடம் ஒழுகலாம். முதல் வாரம் தினமும் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்.