விடை தெரிந்த நிலைமாற்றத்தைக் குவாண்டம் கணினியில் ஆராய்வது வீண் வேலையா?

முன்பே தீர்க்கப்பட்ட மாதிரிகளைக் குவாண்டம் கணினியில் ஓட்டுவதால் நிலைமாற்றங்களைப் (பனிக்கட்டி நீராவதுபோல் ஒரு பொருளின் ஒழுங்கே மாறுவதைப்) பற்றிப் புதிதாக என்ன தெரிந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். என் வாய்மொழித் தேர்வில் இதே கேள்வி ஏளனமாகக் கேட்கப்பட்டதால் பதில் எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது குறுக்குக் காந்தப்புலத்தில் உள்ள ஒருபரிமாண ஐசிங் சங்கிலி: ஒரே வரிசையில் நிற்கும் ஸ்பின்கள் (நுண்காந்தங்கள்), அவற்றுக்குக் குறுக்காக ஒரு காந்தப்புலம். அண்டை ஸ்பின்களின் பிணைப்பு வலுவாக இருந்தால் அவை ஒரே திசையில் அணிவகுக்கும். புலம் வலுத்தால், வெப்பநிலையின் அடிமட்டமான தனிச்சுழியிலும் அந்த ஒழுங்கு குலையும். இரண்டும் சமமாகும் இடமே மாறுநிலைப் புள்ளி என்பது 1970-லேயே துல்லியமாக நிறுவப்பட்டது. இணையவழியில் கிடைத்த சிறு குவாண்டம் கணினியில் புலத்தைக் கூட்டக் கூட்ட ஒழுங்கு எப்படிக் குறைகிறது என்று அளந்தபோது எனக்கு வந்த வளைகோட்டில் கூர்மையான மாற்றம் இல்லை. உண்மையான நிலைமாற்றம் முடிவிலா அமைப்புக்கே உரியதாகையால், சில க்யூபிட்டுகளில் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளில்) அதை எதிர்பார்க்கவும் கூடாது. கவனிக்க வேண்டியது வேறொன்று: அதே நீளச் சங்கிலிக்குக் கணக்கிட்ட மதிப்புகளைவிட வளைகோடு தாழ்ந்திருந்தது, ஒழுங்கும் குறைந்த புலத்திலேயே குலைவதுபோல் தோன்றியது. கருவியின் இரைச்சல் ஸ்பின்களுக்கு இடையிலான தொடர்பை அழிப்பதால், காந்தப்புலம் செய்யும் வேலையைத் தானும் செய்து, ஒழுங்கற்ற நிலையாக வேடமிடுகிறது. சரியான விடை கையில் இருந்ததால்தான் அந்த வேடம் கலைந்தது.

"மடிக்கணினி நொடியில் தரும் விடைதானே" என்றார் தேர்வாளர். அதே நாளில் அவர் பாராட்டிய இன்னோர் ஆய்வேடு, 1944-ல் ஆன்சாகர் தீர்த்த இருபரிமாண ஐசிங் மாதிரியை மான்டே கார்லோ என்னும் தற்செயல் எண் முறையில் மீண்டும் ஓட்டியிருந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் குவாண்டம் விளம்பரக்காரன் அல்லன். 2023-ல் ஐபிஎம்மின் 127 க்யூபிட் கணினியில் நடந்த ஐசிங் சோதனையின் முடிவுகளைச் சாதாரணக் கணினிகள் விரைவிலேயே எட்டிப்பிடித்ததை அறிவேன். ஆனாலும் 40 க்யூபிட்டுகளின் அலைச்சார்பை (அவற்றின் நிலையை விவரிக்கும் எண்தொகுப்பை) சாதாரணக் கணினியில் முழுமையாகச் சேமிக்கவே சுமார் 17 டெராபைட் நினைவகம் வேண்டும். ஒவ்வொரு க்யூபிட் கூடும்போதும் அது இரட்டிக்கும். 2021-ல் ஹார்வர்டு குழுவினர் 256 ரூபிடியம் அணுக்கள் வரை இருபரிமாணத்தில் அடுக்கி ஆராய்ந்தபோது (அது மாதிரியை நேரடியாகப் போலச்செய்யும் ஒப்புமைக் கருவி, முழுமையான கணினி அன்று என்பீர்கள்; சரி), சதுரங்கப் பலகை போன்ற ஒழுங்கு உருவாகும் மாற்றத்தில் ஸ்பின்களின் தொடர்பு எட்டும் தூரம் எவ்வளவு விரைவாக வளர்கிறது என்பதைக் குறிக்கும் ஓர் அடுக்கெண்ணை 0.62 என்று அளந்தார்கள். கோட்பாடு எதிர்பார்ப்பது ஏறத்தாழ 0.63. அந்தப் பொருத்தம் இருந்ததால்தான், குவாண்டம் ஏற்ற இறக்கங்களால் மட்டுமே நிலைபெறும் வேறோர் ஒழுங்கையும் அதே கருவியில் கண்டதாக அவர்கள் சொன்னபோது நம்ப முடிந்தது.

எனவே தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பல நீளச் சங்கிலிகளில் அளந்து, இரைச்சலின் பங்கைத் தனி அத்தியாயமாக எழுதுங்கள்.