பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எவரும் உச்சத்தைத் தொட்டுவிடலாமா?

கேள்வி: மால்கம் கிளாட்வெல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' படித்து முடித்தேன். பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எவரும் சாதனையாளர் ஆகலாம் என்பது உண்மைதானா? படித்தவர்களுக்கு வாழ்க்கையில் ஏதாவது மாறியதா?

பதில்:

நானும் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கணக்குப் போட்டவன்தான். அதனால் என் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

புத்தகம் வெளிவந்தது 2008-இல். என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. செஸ் பித்துத் தலைக்கேறியிருந்த காலம். பத்தாயிரம் மணி நேரக் கணக்கு வரும் இரண்டாம் அத்தியாயத்தை ஒரே இரவில் படித்துவிட்டு, மறுநாள் காலையில் ஒரு நீள நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் 10,000 என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். தினம் மூன்று மணி நேரம் வீதம் ஒன்பது வருடமும் ஒன்றரை மாதமும். முப்பத்தொரு வயதில் நான் மாஸ்டர். எவ்வளவு எளிது!

தேதி, நேரம், மொத்தம் என்று மூன்று பத்திகள். காய்ச்சல் வந்த நாட்களில்கூட அரை மணி நேரமாவது எழுதாமல் விட்டதில்லை. அந்த நோட்டு 1,146 மணி நேரத்தில் நின்றுவிட்டது. சோம்பலால் அல்ல. ஒரு வார இறுதிப் போட்டியில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் முப்பது நகர்த்தல்களுக்குள் என்னை முடித்துவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது அவனுக்கு. ஆட்டம் முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் பத்து நிமிடம் யோசித்து ஒரு குதிரையை நகர்த்தினால், அவன் பலகையைப் பார்க்காமல் பக்கத்து மேசை ஆட்டத்தை வேடிக்கை பார்த்தான். கை குலுக்கும்போது, "எத்தனை வருடமாக ஆடுகிறாய் தம்பி?" என்று கேட்டேன். "இரண்டு வருடம்தான் அண்ணா" என்றான்.

அவனிடம் என்னைப் போல நோட்டு இருந்திருக்க வாய்ப்பில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அது. பெர்லினில் உள்ள இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்: மிகச் சிறந்தவர்கள், நல்லவர்கள், இசை ஆசிரியராகப் போகிறவர்கள். இதுவரை தனியாக எவ்வளவு நேரம் பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். மிகச் சிறந்தவர்களின் சராசரி, இருபது வயதில் பத்தாயிரம் மணி நேரத்தைத் தொட்டது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அந்த மிகச் சிறந்த குழுவில் இருந்தவர்கள் மொத்தமே பத்துப் பேர். அவர்கள் சொன்னது நினைவிலிருந்து சொன்ன கணக்கு. பத்தாயிரம் என்பது சராசரிதான். அந்தப் பத்துப் பேரிலேயே பாதிப் பேர் அந்த வயதில் அந்த எண்ணைத் தொட்டிருக்கவில்லை என்று எரிக்சனே பிற்பாடு எழுதினார். எவ்வளவு நேரம் என்பதைவிட, எப்படிப்பட்ட பயிற்சி என்பதுதான் அவருடைய ஆய்வின் உயிர். தவறு எங்கே நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆசிரியர், அந்தத் தவறை மட்டும் குறிவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பான வேலை. இது இல்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தால், வாசித்த நேரம் கூடும், வாசிப்பின் தரம் கூடாது.

இன்னொன்றும் அதே ஆய்வில் இருக்கிறது. நன்றாக வாசித்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தூங்கினார்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சராசரியாக 8.6 மணி நேரம். இதை எந்த ஊக்கப் பேச்சாளரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் அறைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்ததாகவும் தெரியவில்லை. நானாவது ஒட்டியிருக்கலாம்.

என் 1,146 மணி நேரத்தை இந்த வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசி ஐந்து நிமிட விரைவு ஆட்டங்கள். அதிலும் பெரும்பாலும் நான் சுலபமாக ஜெயிக்கக்கூடியவர்களுடன் ஆடியவை. தோற்ற ஆட்டத்தை உட்கார்ந்து அலசிய நேரம் நூறு மணி தேறினால் அதிகம். தோல்வியைத் திரும்பப் பார்ப்பதைவிட இன்னொரு ஆட்டம் ஆடுவது மனசுக்கு இதம். நோட்டிலோ இரண்டும் ஒரே மணி நேரம்தான்.

செஸ்ஸிலேயே செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. பெர்னாண்ட் கோபே, கில்லெர்மோ கம்பிடெல்லி இருவரும் அர்ஜென்டினாவில் 104 ஆட்டக்காரர்களிடம் விசாரித்து 2007-இல் வெளியிட்டார்கள். மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குப் பிடித்தது 3,016 மணி நேரம். இன்னொருவருக்கு 23,608. ஏறக்குறைய எட்டு மடங்கு. 25,000 மணி நேரத்துக்கு மேல் போட்டும் மாஸ்டர் ஆகாதவர்களும் அதில் இருந்தார்கள். இதைப் படித்த அன்று என் மனம் நொந்துபோகும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, தோளிலிருந்து ஏதோ இறங்கியது. கால் எட்டாத அந்தப் பையன்மேல் எனக்கிருந்த கோபமும் அன்றோடு போனது.

ஆக, கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: இல்லை. ஆனால் இந்த இடத்தில் கிளாட்வெல்லைக் குற்றம் சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. ஏனென்றால் அவர் எழுதியதே வேறு. அது தெரிய எனக்குப் பத்து வருடம் ஆனது.

போன வருடம் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பழைய பிரதி கிடைத்தது. புரட்டினேன். இரண்டாம் அத்தியாயம் முழுக்கப் பென்சில் கோடுகள், ஓரத்தில் கூட்டல் பெருக்கல். முதல் அத்தியாயத்தில் ஒரு கோடுகூட இல்லை. வாங்கின அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. புத்தகத்தின் சாரமே அந்த முதல் அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றியது அது. 1980-களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் மனைவியோடு ஒரு ஆட்டம் பார்க்கப் போகிறார். மனைவி பொழுதுபோகாமல் வீரர் பட்டியலைப் புரட்டுகிறார். ஏராளமானவர்களின் பிறந்த மாதம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சாகவே இருக்கிறது. தேடிப் பார்த்தால் எல்லா உயர்மட்ட அணிகளிலும் அதே கதை. முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் சுமார் 40 சதவீதம், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் சுமார் 10. காரணம் ஜாதகம் அல்ல. அங்கே வயதுப் பிரிவுக்கான கெடு ஜனவரி 1. ஜனவரி 2-இல் பிறந்த சிறுவனும் டிசம்பர் கடைசியில் பிறந்த சிறுவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். ஒன்பது, பத்து வயதில் பன்னிரண்டு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் எடையிலும் நன்றாகத் தெரியும். பெரியவனைத் திறமைசாலி என்று தேர்ந்தெடுக்கிறார்கள். அவனுக்கு நல்ல பயிற்சியாளர், கூடுதல் ஆட்டங்கள். சில வருடங்களில் அவன் நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற மத்தேயு நற்செய்தி வசனத்தை வைத்துச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-இல் 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்தாரே, அதுதான்.

இரண்டாம் அத்தியாயத்திலும் நான் கோடு போடாமல் விட்ட வரிகள் இருந்தன. பில் கேட்ஸ் இராப்பகலாக நிரல் எழுதினார் என்பதற்குக் கோடு போட்டிருந்தேன். 1968-இல், அவர் எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே, அவருடைய பள்ளியின் தாய்மார் சங்கம் பழைய பொருட்களை விற்றுத் திரட்டிய பணத்தில் கணினி முனையம் வாங்கிக் கொடுத்தது என்பதற்குப் போடவில்லை. உழைப்பின் பக்கம் மட்டும் பார்த்தவனுக்கு அந்தத் தாய்மார்கள் கண்ணில் படவில்லை. ஊழைவிட வலியது எது என்று கேட்டதும், ஊழையும் புறமுதுகிடச் செய்யலாம் என்று சொன்னதும் நம் மொழியில் ஒரே வாய்தான். நான் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன்.

புத்தகத்தின் மீது எனக்குக் குறையும் உண்டு. பிற்பகுதியில் விமான விபத்துகளுக்கும் கணக்குப் பாடத்துக்கும் பண்பாட்டைக் காரணம் காட்டும் அத்தியாயங்கள் சுவாரசியமானவை. ஆனால் கதை அவ்வளவு வழவழப்பாக ஓடும்போதே எனக்குச் சந்தேகம் வருகிறது. ஒரு நாட்டின் மரியாதைப் பழக்கத்தில் ஆரம்பித்து ஒரு விமானி அறைக்குள் முடியும் பாதையில் எத்தனையோ விஷயங்கள் கழன்று விழுந்திருக்கும். தவிர, ஜெயித்தவர்களை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் எதையும் காரணமாக்கலாம். அதே வருடத்தில் பிறந்து, அதே போன்ற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் ஆகாமல் போனவர்களைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? அறிவுத்திறன் தேர்வை வைத்து 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பொறுக்கி, 1921 முதல் பின்தொடர்ந்த உளவியலாளர் லூயிஸ் டெர்மனைப் பற்றி இதே புத்தகத்தில் வரும் கதையை மட்டும் தவறவிடாதீர்கள். அந்தத் தேர்வில் தேறாமல் விடப்பட்ட இரு சிறுவர்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், பிற்பாடு இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். தேறியவர்களில் ஒருவரும் வாங்கவில்லை.

சரி, வாழ்க்கையில் ஏதாவது மாறியதா என்று கேட்டீர்கள்.

ஹாக்கி அத்தியாயத்தை இரண்டாம் முறை படிக்கும்போது எனக்கு என் இரண்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. பள்ளியில் சேர்க்கும் வயது வரம்பின் கடைசி வாரத்தில் பிறந்தவன் நான். வகுப்பிலேயே சின்னவன். என் 'ற'வின் கால் கோட்டைத் தாண்டி அடுத்த வரிக்குள் நீண்டுவிடும். 'ஞ' எழுதச் சொன்னால் அழுகை வந்துவிடும். வருடத்தின் நடுவில் ஆசிரியை அப்பாவை அழைத்து, "பையன் கொஞ்சம் மந்தம். இன்னொரு வருடம் இதே வகுப்பில் இருக்கட்டுமே" என்றார். மந்தம் என்ற அந்தச் சொல் வெகு காலம் எனக்குள் கிடந்தது. ஏழு வயதுக்காரனுக்கும் ஆறு வயதுக்காரனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அவர் வைத்த பெயர் அது என்பது முப்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன யோசனை ஒருவேளை சரியாகவே இருந்திருக்கலாம். அப்படி இருத்தி வைத்திருந்தால் அடுத்த வருடம் நான்தான் வகுப்பில் மூத்தவன், கெட்டிக்காரன்! அப்பாவுக்கு மானப் பிரச்சினை. ஒப்புக்கொள்ளவில்லை.

என்னைக் கரையேற்றியது அக்கா. ஐந்து வயது மூத்தவள். மூன்று மாதம், தினமும் நான் பள்ளி விட்டு வந்ததும், என் கைமேல் தன் கையை வைத்துப் பென்சிலை நகர்த்தினாள். அந்த வருடம் நான் தேறினேன்.

பழைய பிரதியோடு அந்தச் செஸ் நோட்டும் கிடைத்திருந்தது. 1,146-க்குக் கீழே நிறைய வெற்றுப் பக்கங்கள். எனக்கு யார் யார், எது எது வழிவிட்டது என்று அதில் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினேன். முதல் வரி: அக்காவின் பொறுமை. எழுதிய கையோடு அவளுக்குத் தொலைபேசியில் அழைத்து, கொஞ்சம் தழுதழுத்தே, சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "பொறுமையா? எனக்கா? மாடிப்படியில் விழுந்து கால் உடைந்து, மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் கிடந்தேனே, மறந்துவிட்டாயா? வெளியே விளையாடப் போக முடியவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது நீதான்."

"கட்டுப் பிரித்த பிறகு?"

"பிரித்த அன்றே ஓடிவிட்டேன். அதற்குள் உனக்கு 'ஞ' வந்துவிட்டிருந்தது."

பேசி முடித்துவிட்டு நோட்டை எடுத்து, 'பொறுமை' என்பதை அடித்துவிட்டு, 'கால்' என்று எழுதினேன்.