உங்கள் எம்.பி. எந்தப் பட்டனை அழுத்தினார்?

கேள்வி: எங்கள் தொகுதி எம்.பி. எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று இரண்டு நாளாக இணையத்தில் தேடுகிறேன். எத்தனை நாள் அவைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்பதெல்லாம் கிடைக்கிறது. ஓட்டு மட்டும் கிடைக்கவில்லை. எங்கே பார்ப்பது?
– விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்கள் தேடியதில் குறையில்லை. பல மசோதாக்களுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. நம் நாடாளுமன்றத்தில் சாதாரண மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் 'ஆம்' சொல்லுங்கள் என்பார் சபாநாயகர், ஒரு பக்கம் சத்தம் வரும். எதிர்ப்பவர்கள் 'இல்லை' சொல்லுங்கள் என்பார், இன்னொரு பக்கம் சத்தம் வரும். எந்தச் சத்தம் பெரிசு என்று அவரே முடிவு பண்ணி, 'ஆம்' பக்கமே வென்றது என்று அடுக்கிச் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. யார் வாயைத் திறந்தார், யார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எந்த ஏட்டிலும் ஏறாது. டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் உட்கார்ந்து போராடிய அந்த மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாகூட, 2021 நவம்பர் 29 அன்று ஒரே நாளில், விவாதமே இல்லாமல், இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது.

பெயர் பதிவாக வேண்டுமென்றால் ஓர் உறுப்பினராவது எழுந்து 'டிவிஷன்' கேட்க வேண்டும். கேட்டால் மணி அடிக்கும். மூன்றரை நிமிஷம். கேன்டீனில் இருப்பவர், மைய மண்டபத்தில் அரட்டையில் இருப்பவர் எல்லாரும் ஓடி வருவார்கள். பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். பச்சைப் பட்டன் ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் எந்தப் பக்கமும் இல்லை. திரையில் எண்ணிக்கை வரும். தவறிப்போய் வேறு பட்டனை அழுத்தியவரும் பட்டன் வேலை செய்யாதவரும் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம் என்பதால்தான் முடிவை அறிவிக்கும்போது 'திருத்தத்துக்கு உட்பட்டு' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறார்கள். அதிலும் ஒரு சந்து உண்டு. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் நினைத்தால், ஆதரிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள், எதிர்ப்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று தலையை எண்ணிவிட்டுப் போய்விடலாம். அப்போது எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது.

டிவிஷன் கேட்டும் கிடைக்காத கதையும் நடந்தது. அந்த மூன்று வேளாண் சட்டங்களில் இரண்டுக்கான மசோதாக்கள் 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவைக்கு வந்தபோது திருச்சி சிவா உள்ளிட்டோர் அவற்றைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பச் சொல்லி டிவிஷன் கேட்டார்கள். அவையில் ஒரே அமளி. கேட்பவர் தன் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும் என்பது விதி, அவை ஒழுங்கில் இருக்கவில்லை என்றது அவைத் தலைமை. கேட்டோம், கொடுக்கவில்லை என்றது எதிர்க்கட்சி. கடைசியில் குரல் வாக்கெடுப்புதான். மறுநாள் 8 எம்.பி.க்கள் இடைநீக்கம். அந்த மசோதாக்களுக்கு மாநிலங்களவையில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பெயர் பெயராகச் சொல்ல இன்றைக்கும் ஆவணம் இல்லை.

உங்களுக்கு உதவக்கூடியது இரண்டு வகைதான். ஒன்று, அரசியல் சட்டத் திருத்தங்கள். அவற்றுக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதால் எண்ணாமல் முடியாது. மகளிர் இட ஒதுக்கீடு 2023-ல் மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது, அந்த இருவர் யார் என்பதுகூட ஊருக்கே தெரியும். இன்னொன்று, எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டு வாங்கிய மசோதாக்கள். 2025 ஏப்ரலில் நள்ளிரவு தாண்டி நடந்த வக்பு திருத்த மசோதா வாக்கெடுப்பு (மக்களவையில் 288–232) அப்படிப்பட்டது. இரு அவைகளின் இணையதளத்திலும் விவாதத் தொகுப்புகள் இருக்கின்றன. தேதியை வைத்து அந்த நாளின் தொகுப்பைத் திறந்து, விவாதம் முடியும் இடத்துக்குப் போனால் ஆதரித்தவர், எதிர்த்தவர் என்று இரண்டு பட்டியலும் கிடைக்கும். பொறுமை வேண்டும்.

கேள்வி: 2019-ல் எங்கள் ஊர் தேர்ந்தெடுத்த அ.தி.மு.க.வின் ரவீந்திரநாத் முத்தலாக் மசோதாவை ஆதரித்துப் பேசினார். அதே மசோதாவை அதே கட்சி மாநிலங்களவையில் எதிர்த்தது. இதில் எது அ.தி.மு.க.வின் நிலைப்பாடு?
– தேனி வாசகி

பதில்: இரண்டும்தான். ஜூலை 25-ல் மக்களவையில் ஆதரவு, ஜூலை 30-ல் மாநிலங்களவையில் அதே கட்சியின் நவநீதகிருஷ்ணன் எதிர்ப்பு. நடுவில் ஐந்து நாள். ஆனால் நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது, எதிர்த்துப் பேசியபின் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை. எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, வெளிநடப்பு செய்தார்கள். ஐக்கிய ஜனதா தளமும் அப்படியே. மசோதா 99–84 என்று நிறைவேறியது. அப்போது மாநிலங்களவையில் அ.தி.மு.க.வுக்கு 11 பேர், ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6 பேர். இந்த 17 பேரும் உட்கார்ந்து சிவப்புப் பட்டனை அழுத்தியிருந்தால் 84 என்பது 101 ஆகியிருக்கும். கூட்டிப் பாருங்கள்.

டிவியில் கோஷத்தோடு வெளியே வருவது பார்க்க வீராவேசமாகத்தான் இருக்கும். ஆனால் வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் என்பதுதான் சாதாரண மசோதாவுக்குக் கணக்கு. வெளியே போகிறவர் எதிர்ப்பிலிருந்து ஒன்றைக் கழிப்பதோடு, ஆளும் தரப்பு எட்ட வேண்டிய எண்ணையும் இறக்கிவிட்டுத்தான் போகிறார். இந்த வித்தையில் எல்லாக் கட்சிக்கும் கை பழக்கம். 2012 டிசம்பர் 5-ல் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு எதிரான தீர்மானம் மக்களவையில் 218–253 என்று தோற்றது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அந்நிய முதலீடு கூடாது என்று பேசிவிட்டு எழுந்து போனார்கள். இரண்டுக்கும் சேர்த்து 40-க்கும் மேல் எம்.பி.க்கள்!

தி.மு.க. மட்டும் சும்மா இருந்ததா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். அதே தீர்மானத்தில் தி.மு.க.வும் அந்நிய முதலீட்டை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே மன்மோகன் சிங் அரசின் பக்கம் ஓட்டுப் போட்டது. ஆட்சி கவிழக்கூடாது என்பது காரணம். காரணம் சரியா தப்பா என்பது உங்கள் இஷ்டம். ஏட்டில் இருப்பது ஓட்டு, காரணம் இல்லை.

கேள்வி: குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை அ.தி.மு.க.தான் நிறைவேற்றிக் கொடுத்தது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, கணக்கு சரிதானா?
– வாணியம்பாடி

பதில்: எண்கள் சரி. 2019 டிசம்பர் 11, மாநிலங்களவை, 125–105. ஆதரித்த 125-ல் அ.தி.மு.க. 11, பா.ம.க.வின் அன்புமணி 1. இந்த 12 பேரும் இடம் மாறியிருந்தால் 113–117. ஆனால் 'நாங்கள்தான்' என்று எந்த 12 பேரையும் காட்டலாம், அன்று ஆதரித்த மற்ற கூட்டணிக் கட்சிகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். நான் கவனிப்பது வேறு. 2021 தேர்தல் அறிக்கையில் அதே அ.தி.மு.க., சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வதில் தப்பில்லை, யாரும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு மாற்றிக்கொண்டால் கேட்பவனுக்கும் மரியாதை.

கேள்வி: மனசாட்சிப்படி ஓட்டுப் போட எம்.பி.க்கு உரிமை இல்லையா?
– நாகர்கோவில் கல்லூரி மாணவர்

பதில்: உண்டு, பதவியையும் பணயம் வைத்தால். 1985-ல் ராஜீவ் காந்தி ஆட்சியில் வந்த 52-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. அதன்படி, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி தரும் கொறடா உத்தரவுக்கு எதிராக ஓட்டுப் போட்டாலும் சரி, ஓட்டுப் போடாமல் இருந்தாலும் சரி, முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் 15 நாளுக்குள் கட்சி மன்னித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பதவி பறிபோகலாம். காசுக்கும் மந்திரி பதவிக்கும் கட்சி தாவுவதைத் தடுக்க வந்த சட்டம் இது. தாவல் நின்றதா என்றால், அதை நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நின்றது என்னவோ தனி உறுப்பினர் மறுத்துத் தலையாட்டுவதுதான். இப்போது தலை ஒரே திசையில்தான் ஆடுகிறது.

கொறடாவை மீறிய ஆளில் எனக்கு மறக்காதவர் சைபுதீன் சோஸ். 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு 269–270 என்று ஒரே ஓட்டில் விழுந்ததே, அன்று அவருடைய காஷ்மீர் தேசிய மாநாட்டுக் கட்சி அரசை ஆதரிக்கச் சொன்னது, அவர் எதிர்த்துப் போட்டார். கட்சி அவரை நீக்கியது. (ஒடிசா முதல்வராகிவிட்ட பிறகும் எம்.பி. பதவியை விடாமல் வந்து ஓட்டுப் போட்ட கிரிதர் கமாங்கைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியாவும் சந்தித்ததைப் பேசுகிறார்கள். சோஸை யாரும் பேசுவதில்லை.)

அதே அட்டவணை நம் ஊர் சட்டமன்றத்தில் எப்படி வேலை செய்தது என்பதும் ஞாபகம் இருக்கும். 2017 பிப்ரவரி 18-ல் எடப்பாடி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ.பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். பதவி போகவில்லை. ஆகஸ்டில் அவரே துணை முதல்வர். கட்சி தலைமையோடு சமாதானமானால் சட்டமும் சமாதானம்.

ஆட்சி தொங்கும் ஓட்டுகளுக்கு மட்டும் கொறடா, மற்றவற்றுக்குச் சுதந்திரம் என்று காங்கிரஸின் மணீஷ் திவாரி 2010-லேயே தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நல்ல யோசனை. எந்தக் கட்சித் தலைமைக்கும் பிடிக்காத யோசனை.

கேள்வி: என் மகன் சியாட்டிலில் இருக்கிறான். அங்கே உறுப்பினர் ஓட்டுப் போட்ட அன்றே பெயரோடு வெளியாகிவிடுகிறது என்று பெருமை அடிக்கிறான். உண்மையா?
– கும்பகோணம்

பதில்: உண்மை, பெருமை அடிக்கட்டும். அங்கேயும் குரல் வாக்கெடுப்பு உண்டு. ஆனால் வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டால் பெயரோடு பதிந்தாக வேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டமே சொல்கிறது. பிரதிநிதிகள் சபையில் 1973-லிருந்து கார்டைச் செருகித்தான் ஓட்டு.

உங்கள் மகன் இருக்கும் ஊரின் உறுப்பினரே நம் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால்தான், 2017-லிருந்து. அவர் பதிவை எடுத்துப் பாருங்கள், ஓர் ஆளின் முகம் தெரியும். 2021 நவம்பர் 5-ல் பைடனின் உள்கட்டமைப்பு மசோதாவைச் சமூகநலச் செலவு மசோதாவோடு சேர்த்தே கொண்டுவர வேண்டும் என்று வாரக்கணக்கில் இழுத்துப் பிடித்துவிட்டு, கடைசியில் ஆதரித்தார் (228–206). அவருடைய அணியிலேயே ஆறு பேர் எதிர்த்தார்கள். 2023 மே 31-ல் அதே பைடன் எதிர்க்கட்சியோடு பேசி முடித்த கடன் உச்சவரம்பு ஒப்பந்தம் 314–117 என்று நிறைவேறியபோது ஜெயபால் எதிர்த்தார். 2024 ஏப்ரலில் இஸ்ரேலுக்கான ராணுவ உதவிக்கும் எதிர்ப்பு. சொந்தக் கட்சி அதிபரை எதிர்த்தும் பதவி போகவில்லை, அடுத்த தேர்தலில் நின்றார், ஜெயித்தார். இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பிடிக்கவில்லை என்று சொல்வதற்குக் கையில் ஒரு ஆவணம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: எங்கள் எம்.பி. 95 சதவீத வருகை என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார். நல்ல எம்.பி.தானே?
– திருப்பத்தூர்

பதில்: கையெழுத்து நல்ல கையெழுத்து. அந்த வருகை ஏட்டில் அன்றைக்கு வந்தார் என்பதுதான் இருக்கும், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது இருக்காது. அமைச்சர்கள் அதில் கையெழுத்தே போடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. அதனால் அமைச்சரான எம்.பி.யின் கணக்கில் பூஜ்யத்தைப் பார்த்துத் திட்டாதீர்கள். கேள்விகளின் எண்ணிக்கையைவிட எதைப் பற்றிக் கேட்டார் என்று நாலு கேள்வியை எடுத்துப் படியுங்கள். நாளொன்றுக்கு மக்களவையில் 20 கேள்விதான் நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டியது. மற்ற 230-க்கும் எழுத்தில் பதில்.

கேள்வி: வெளிநடப்பு செய்தால் அன்றைய படி உண்டா?
– சிவகங்கை

பதில்: ஏட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் உண்டு. ரூ.2,500.