உம்பளாச்சேரிக் காளைக்குக் காயடித்தால் ஆயுசு குறையுமா?

கேள்வி: தலைஞாயிறு பக்கம் எங்க ஊரு. மூணு வயசாகப்போற உம்பளாச்சேரிக் காளை நிக்குது. வண்டிக்குப் பழக்கணும். காயடிச்சா ஆயுசு குறைஞ்சிடும்னு அப்பா தடுக்கிறார். ஆண் உயிருக்கு ஆயுசைக் கூட்டுற ஹார்மோன் மருந்து இருக்குன்னு செல்போன்ல வீடியோ வந்துச்சு. வாங்கிப் போடலாமா?

பதில்: ஆயுசு குறையாது என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் கழுத்தைத் திரட்டுகிறது, திமிலை ஏற்றுகிறது. முட்ட வைப்பதும், கயிற்றை அறுத்துக்கொண்டு சினைப்பருவப் பசுவைத் தேடி ஓட வைப்பதும் அதுவேதான். ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவில் காயடித்த செம்மறிக் கிடாக்கள் மற்ற கிடாக்களைவிட நெடுங்காலம் வாழ்ந்தன. 2021-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள், வயது ஏற ஏற டி.என்.ஏ.வில் மாறும் ரசாயன அடையாளங்களைச் செம்மறிகளில் பார்த்தார்கள். காயடித்த கிடாக்களுக்கு முதுமை மெதுவாகவே வந்தது.

நீங்கள் பார்த்த மருந்து 17-ஆல்ஃபா எஸ்ட்ராடியாலாக இருக்கலாம். 2016-இல் வெளியான ஆய்வில் அது ஆண் சுண்டெலிகளின் நடு ஆயுளை, அதாவது பாதி எலிகள் செத்துப்போகும் வயதை, 19 சதவீதம் கூட்டியது. பெண் எலிக்கு ஒன்றும் செய்யவில்லை. ரத்தச் சர்க்கரையை உடம்பு கையாளும் திறன் ஆண் எலிக்கு மேம்பட்டது, ஆனால் காயடித்த எலிக்கு அந்தப் பலன் இல்லை. காயடிக்கப்போகும் மாட்டுக்கு அதை வாங்கி என்ன பயன்? ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கல்லை வைத்து நசுக்கும் பழைய முறை மட்டும் வேண்டாம். விதைப்பை வீங்கிச் சீழ் பிடித்து, பின்னங்காலை அகட்டி வைத்துத் தலை தொங்க நின்ற காளையைப் பார்த்திருக்கிறேன். இன்றும் மனசு ஆறவில்லை. கால்நடை மருத்துவமனையில் இடுக்கி போட்டு, தோல் கிழியாமல் விதைநாளத்தை மட்டும் நசுக்குவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேர்க்கோட்டில் கடிபடக் கூடாது, பட்டால் ரத்த ஓட்டம் நின்று தோல் அழுகும். சேறும் ஈயும் குறைந்த மாசியில், சம்பா வைக்கோல் கைவசம் இருக்கும்போது செய்யுங்கள். பிறகு தவிட்டைக் கூட்டாதீர்கள், கொழுப்பாகத்தான் சேரும்.

அதற்கு முன் ஒன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நாலு காலிலும் வெள்ளை, நல்ல கட்டு உடம்பு என்றால் காயடிக்க அவசரப்படாதீர்கள். டெல்டாவில் நல்ல பொலிகாளை அருகிவருகிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கை அரசு கால்நடைப் பண்ணையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வண்டிக்கு வேறு கன்று பாருங்கள்.