அழுதுகொண்டே எழுந்துவிடுகிறாள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆறு கீமோக்களில் மூன்று முடிந்துள்ளன. மருத்துவமனையின் மனநல ஆலோசகர், மூச்சையும் உடலையும் நிதானமாகக் கவனிக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி வகுப்பில் அவளைச் சேரச் சொன்னார். மனம் அடங்கினால் நோயும் அடங்கும், மீதிக் கீமோவை விட்டுவிடலாம் என்கிறார் என் மைத்துனர். அவளோ கண்ணை மூடி உட்கார்ந்த சற்று நேரத்தில் அழுதுகொண்டே எழுந்துவிடுகிறாள். நான் வற்புறுத்த வேண்டுமா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

மீதமுள்ள மூன்று கீமோக்களையும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மருத்துவத்தைத் தவிர்த்து மாற்றுமுறைகளை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் 2.5 மடங்காக இருந்ததை, 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

இந்தப் பயிற்சி மருந்துக்கு மாற்றாகப் பிறந்ததும் அல்ல. 1979இல் ஜான் கபாட்-ஸின் இதை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், சிகிச்சைக்குப் பிறகும் வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்காக ஒரு வகுப்பாகத் தொடங்கினார். கனடாவின் கால்கரி நகரில், டாம் பேக்கர் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்பெக்காவும் லிண்டா கார்ல்சனும் அதைப் புற்றுநோயாளிகளுக்கு ஏற்ப மாற்றி, 90 பேரிடம் சோதித்து, 2000ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்; ஏழு வாரப் பயிற்சி பெற்றவர்களிடம் மனக்கலக்கம் 65 விழுக்காடு குறைந்திருந்தது. மார்பகப் புற்றுநோய் குறித்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இன்னும் நிதானமாகப் பேசுகிறது: பயிற்சி முடியும்போது பதற்றமும் சோர்வும் சற்றுக் குறைகின்றன, உறக்கம் சற்று மேம்படுகிறது, ஆயுள் நீள்வதற்கு அதில் சான்று இல்லை. அந்தச் சிறிய ஆறுதலும் மதிப்புடையது என்பதால்தான், சிகிச்சை நடக்கும்போதே இதை வழங்கலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2023இல் பரிந்துரைத்தது.

உங்கள் மைத்துனரின் பேச்சில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. மனம் அடங்கினால் கட்டி கரையும் என்று நம்பச் செய்துவிட்டால், நாளை ஸ்கேனில் கட்டி வளர்ந்திருக்கும்போது, என் மனம்தான் கெட்டது என்று அந்தப் பெண் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வாள். நோயாளியின் தலையில் அந்தச் சுமையை ஏற்ற யாருக்கும் உரிமையில்லை.

அழுகைக்கு வருகிறேன். என் அக்காளுக்குக் கீமோ நடந்த நாட்களில் அவளாலும் மூச்சைக் கவனிக்க முடியவில்லை. வாயெல்லாம் புண்ணாக இருந்தவளுக்கு ஒவ்வொரு மூச்சும் நோயைத்தான் நினைவூட்டியது. பயிற்சி தந்த அம்மையார் மூச்சை விட்டுவிடச் சொன்னார். கண்களைத் திறந்தபடி, வெறுங்காலை மொசைக் தரையில் ஊன்றி, அந்தக் குளிர்ச்சி குதிகாலிலா விரல்களிலா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். மூன்றே நிமிடம்தான். சில நாள் கழித்து, ஸ்கேனுக்கு முந்தைய இரவில், “பயம் இப்போ தொண்டைல இருக்குடா” என்றாள் அக்கா. அதுவரை, பயமே இல்லை என்றுதான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பயம் போய்விடவில்லை, ஆனால் அன்று அதை மறைக்கும் வேலை அவளுக்கு இல்லாமல் போயிற்று.

ஆகவே உங்கள் மனைவி அழுவதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். பகலெல்லாம் அடக்கி வைத்தது, அமைதியாக உட்காரும்போது மேலே வருகிறது. அதற்காக வற்புறுத்தவும் வேண்டாம். வற்புறுத்தினால், மருந்து, குமட்டல், ரத்தப் பரிசோதனை என்ற வரிசையில் அவர் தேற வேண்டிய இன்னொரு பரீட்சையாக இதுவும் சேர்ந்துவிடும். அழுகையை ஆலோசகரிடம் அப்படியே சொல்லுங்கள். கண்ணைத் திறந்தபடியோ, படுத்தபடியோ, மெல்ல நடந்தபடியோ செய்யும் வழிகளை அவர் காட்டுவார். அழுகை நாள் முழுதும் நீடித்தால், இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்ப்பதே முறை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உங்கள் கடிதத்தில் உங்கள் உறக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கால்கரியில் நோயாளியின் துணைவரையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். இருவருக்குமே மனக்கலக்கம் குறைந்ததாக 2010இல் எழுதியிருக்கிறார்கள். அடுத்த கீமோவுக்குப் போகும்போது, அந்த வகுப்பில் உங்களுக்கும் இடம் உண்டா என்று ஆலோசகரிடம் கேளுங்கள்.