கேட்டாங்க… சொன்னோம்!

கேள்வி: வியட்நாம் போர்ல ஆத்தங்கரை ஊர் ஒண்ண அமெரிக்க ராணுவம் இருந்த தடமே இல்லாம பண்ணிடுச்சுன்னு எங்க காலேஜ் சார் சொன்னாரு. சண்டையில அழிஞ்சதா, இல்ல வேணும்னே அழிச்சாங்களா?
– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: வேணும்னேதாங்க, அதுவும் பெரிய சண்டை எதுவுமே நடக்காம. அந்த ஊர் பேரு பென் சுக், சைகான் நதி வளைஞ்சு போற இடத்துல சுமார் 3,500 பேர் இருந்த ஊர், வயலும் தோப்பும் எருமை மாடும்னு ஓரளவு வசதியாவே இருந்தாங்க. 1964லயே அங்க இருந்த தென் வியட்நாம் அரசு ராணுவத்த வியட்காங், அதாவது அந்த அரசையும் அமெரிக்காவையும் எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள், விரட்டிட்டாங்க, அப்புறம் வரி வசூல்லேர்ந்து எல்லாமே அவங்க ராஜ்ஜியம்தான். பக்கத்துல 'இரும்பு முக்கோணம்'னு சொல்ற காட்டுப்பகுதி வேற, தென் வியட்நாம் தலைநகரான சைகானுக்கு அவ்ளோ கிட்ட கெரில்லா கோட்டை இருந்தா எந்த ராணுவம் சும்மா இருக்கும்?

1967 ஜனவரி 8 காலைல 60 ஹெலிகாப்டர்ல அமெரிக்க சிப்பாய்ங்க 500 பேர் ஊருக்கு நடுவுலயே போய் இறங்கினாங்க. விஷயம் வெளிய கசிஞ்சிடும்னு கூட்டாளியான தென் வியட்நாம் ராணுவத்துக்கே கடைசி வரைக்கும் சொல்லலையாம், லட்சணத்த பாருங்க. மேலேர்ந்து ஒலிபெருக்கில, யாரும் வீட்ட விட்டு ஓடாதீங்க, ஓடினா வியட்காங்னு சுட்டுடுவோம்னு அறிவிப்பு. குண்டு விழறப்ப பயந்து ஓடறவனுக்கும் கெரில்லாவுக்கும் மேலேர்ந்து பாத்தா என்ன வித்தியாசம் தெரியும்? 15லேர்ந்து 45 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைங்கள தனியா பிரிச்சு விசாரணைக்கு கொண்டு போனாங்க, மத்தவங்க தட்டுமுட்டு சாமான், கோழி, குழந்தைன்னு கைல கெடச்சத எடுத்துக்கிட்டு லாரிலயும் படகுலயும் ஃபு லோய் முகாமுக்கு போனாங்க. அங்க வாசல்ல இருந்த வரவேற்பு பலகை இவங்கள 'கம்யூனிசத்துக்கு பயந்து ஓடி வந்த அகதிகள்'னு சொல்லுச்சு! துப்பாக்கிய காட்டி ஏத்திட்டு வந்தது யாரு?

ஊர் காலியானதும் கூரைய கொளுத்தினாங்க, புல்டோசர் விட்டு வீடு, தோப்பு, இடுகாடு எல்லாத்தையும் தரைமட்டம் பண்ணாங்க, அதுக்கு மேல விமானத்துலேர்ந்து குண்டு வேற. ஒரு செங்கல் கூட நிக்காத இடத்துல எதுக்குய்யா குண்டுன்னு கேக்க தோணுதுல்ல, கீழ வியட்காங் தோண்டின சுரங்கம் இருக்குன்னுதான். இந்த 500 பேருக்கு தலைமை தாங்கின அலெக்சாண்டர் ஹெய்க் பின்னாடி ரீகன் ஆட்சில வெளியுறவு அமைச்சரே ஆனாரு.

கேள்வி: அப்ப கெரில்லாக்கள் மொத்தமும் மாட்டிக்கிட்டாங்களா?
– அதே வாசகர்தான், ஒரே கார்டுல ரெண்டு கேள்வி!

பதில்: எங்க மாட்டினாங்க! 'சீடர் ஃபால்ஸ்'ங்கிற அந்த மொத்த ஆபரேஷன்ல சுமார் 30,000 பேர், டாங்க், ஹெலிகாப்டர்னு 19 நாள் சல்லடை போட்டு தேடினாங்க. ராணுவ கணக்குப்படி எதிரிங்க சுமார் 750 பேர் செத்தாங்க, அமெரிக்க தரப்புல 72 பேர். 3,700 டன் அரிசி சிக்குச்சு, சுரங்கத்துலேர்ந்து கட்டுக்கட்டா காகிதம் சிக்குச்சு, அதெல்லாம் வியட்காங்குக்கு பெரிய அடிதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வியட்காங்கோட பெரும்படை நின்னு சண்டை போடல, நழுவிட்டாங்க. மக்கள் தண்ணி, கெரில்லா மீன்னு மாவோ சொன்னத பிடிச்சுக்கிட்டு குளத்த இறைச்சு மீன் புடிக்கிற மாதிரி ஊர இறைச்சுட்டாங்க, மீன் என்னடான்னா சேத்துக்குள்ள பூந்துடுச்சு. அந்த சுரங்கங்கள ரெண்டு மூணு வாரத்துல முழுசா அழிக்க முடியுமா, படை கிளம்பின கொஞ்ச நாள்லயே திரும்ப வந்துட்டாங்க. அடுத்த வருஷம் 1968 ஜனவரி கடைசில டெட்ங்கிற வியட்நாம் புத்தாண்டு பண்டிகை சமயத்துல சைகான தாக்கினாங்களே, அதுக்கு ஆளுங்க கிளம்பி வந்த இடங்கள்ல இந்த முக்கோணமும் ஒண்ணு.